அரைக் கிலோப் பட்டியும் 14 மணி நேரமும்

விமான இருக்கையில் சின்னப் பிள்ளையைக் கட்டி வைக்கும் இந்தப் பட்டி என்னுடையது அன்று. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் தன் மகனுக்காக வாங்கியது. அவன் வளர்ந்துவிட, பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை லண்டனுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஊருக்கு வந்த பெரியம்மாவின் சூட்கேஸில், மூட்டுவலி மாத்திரைகளுக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில் கிடந்து, யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சிறிய துணிப்பை ஒன்றுக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன், அரைக் கிலோ கூட இல்லை. பாடசாலைப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி இதைவிடக் கனக்கும்.

பெயர் கெயர்ஸ். விமானங்களுக்கு இருக்கைப் பட்டி செய்யும் அம்சேஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2006ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கொடுத்தது. விமான இருக்கையில் ஏற்கெனவே இருக்கும் இடுப்புப் பட்டியோடு இரண்டு தோள் பட்டிகளைச் சேர்த்துக்கொடுப்பதுதான் இதன் வேலை. 10 முதல் 20 கிலோ எடை, ஏறக்குறைய 100 சென்ரிமீற்றர் உயரம் வரையுள்ள, தானாக நிமிர்ந்து உட்காரக்கூடிய பிள்ளைக்கு. என் சின்னவனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும், 12 கிலோ. அளவெடுத்துத் தைத்தது போல. மூத்தவள் நாலரை வயதில் 103 சென்ரிமீற்றர். அவள் இடுப்புப் பட்டியோடு மட்டும் வரவேண்டியவள். “எனக்கு ஏன் இல்லை?” என்று மூன்று நாள் அழுதாள்.

மாமிக்கு இதைக் கண்டதுமே பிடிக்கவில்லை. “கன்றுக்குட்டியைக் கட்டுவது போலப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகப் போகிறாயா, பிள்ளை? மடியில் வைத்தால் காணாதா?” என்றார். அவர் தன் மூன்று பிள்ளைகளையும் மடியில் வைத்தே வளர்த்தவர். அதில் ஒருவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன் என்பதால் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவள். மனத்துக்குள் கணக்கு ஓடிக்கொண்டேயிருந்தது.

2024 மே 21ஆம் திகதி லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சிங்கப்பூர் எயர்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கிய கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். புலனாய்வாளர்களின் முதற்கட்ட அறிக்கையை நான் வகுப்பிலேயே கணக்காகக் கொடுத்தேன். விமானம் 4.6 விநாடிகளில் 178 அடி இறங்கியது. அதைவிட முக்கியமானது, உள்ளே இருந்தவர்கள் உணர்ந்த விசை 0.6 விநாடிக்குள், அவரவர் எடையின் கீழ்நோக்கி 1.35 மடங்கிலிருந்து மேல்நோக்கி 1.5 மடங்காகப் புரண்டது. அதாவது அந்தக் கணத்தில் என் 12 கிலோ மகன், 18 கிலோ எடையோடு கூரையை நோக்கி “விழுவான்”. அரை விநாடி என்பது கண்ணிமைத்துத் திறக்கும் நேரம். நித்திரையில் இருக்கும் தாயின் கை எதைப் பிடிக்கும்? அன்று காயப்பட்டவர்களில் பலர் பட்டி போடாமல் இருந்து மேலே எறியப்பட்டவர்கள்.

இரண்டு வயது முடிந்தால் பிள்ளைக்குத் தனி டிக்கெட் கட்டாயம், மடியில் வைக்க விடமாட்டார்கள். போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும்போது இரண்டு தாண்டிவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும். இதை டிக்கெட் போடும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலான விமானங்களில் தாயின் பட்டியோடு கோக்கும் சிறிய வளையப் பட்டி ஒன்று கொடுப்பார்கள். மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது அதைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறேன். அப்போது அது பெரிய பாதுகாப்பு என்று நினைத்தேன். குலுக்கலில் பிள்ளை பறக்காமல் பிடிக்கும், உண்மை. ஆனால் விமானம் எதிலாவது மோதினால் தாயின் உடல் முன்னால் மடியும்; நடுவில் இருப்பது பிள்ளை. ஐரோப்பா இந்த வளையத்தைக் கேட்கிறது, அமெரிக்காவோ ஏறும்போதும் இறங்கும்போதும் இதைப் போடவே கூடாது என்கிறது. ஒரே வானம், இரண்டு சட்டம்.

சரி, பட்டிக்கு வருகிறேன்.

ரொறன்ரோ பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஒத்திகை தொடங்கினோம். கணவரின் இடுப்புப் பெல்ட்டை இருக்கைப் பட்டியாக வைத்துக்கொண்டு, சின்னவனை உட்கார வைத்து, தோளில் பட்டிகளை மாட்டி, நெஞ்சுக் கொளுக்கியைப் பூட்டி, “விமானம் ஏறுகிறது” என்று கதிரையைப் பின்னால் சாய்ப்பார் அப்பா. முதல் நாள் ஒரு நிமிடத்தில் கத்திக்கொண்டு கழற்றச் சொன்னான். மூன்றாம் நாள் தானாகவே ஏறி உட்கார்ந்து கையை விரித்துக் கொடுத்தான். பத்தாம் நாள் மாமி தட்டில் இடியப்பம் கொண்டுவந்து, “விமானப் பணிப்பெண் வந்திருக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு கன்றுக்குட்டிக் கதை வரவில்லை. இந்த ஒத்திகையைத் தவிர்த்துவிட்டு நேரே விமானத்தில் மாட்டிப் பார்ப்பவர்கள் பட்டியைக் குறை சொல்லக்கூடாது. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புதிதாக எதைக் கட்டினாலும் அது சண்டைதான்.

விமானத்தில் மாட்டும் முறை: பின்னிருக்கைக்காரரின் தட்டைத் திறந்து, சிவப்பு வளையத்தை இருக்கையின் முதுகைச் சுற்றிப் போட்டு, பிள்ளையின் தோளுக்குச் சற்று மேலே வரும்படி இறக்கி, தட்டை மூடி, பின் வாரை இறுக்க வேண்டும். கீழே தொங்கும் இரு முனைகளிலும் உள்ள வளையங்களுக்குள் விமானத்தின் இடுப்புப் பட்டியைக் கோத்துப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை என்கிறார்கள். எனக்கு நாலு நிமிடம் எடுத்தது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள், மேலே பை வைக்க முண்டியடிப்பவர்கள், “அம்மா சூசூ” என்று ஆரம்பித்த மூத்தவள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களை முதலில் ஏற்றும் அழைப்பு வந்தால் பெருமை பார்க்காமல் எழுந்து போய்விடுங்கள். அந்த நாலு நிமிடம் அப்போதுதான் கிடைக்கும். பின்னிருக்கைக்காரரிடம் நீங்களே முந்திக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது. அவரது தட்டு வழக்கம்போல வேலை செய்யும், ஆனால் கண்ணுக்கு முன்னால் சிவப்புப் பட்டி ஒன்று ஓடுவது ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எங்களுக்குப் பின்னால் இருந்தவர் மட்டக்களப்புக்காரர். தன் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டினார்.

அடுத்து நடந்தது அவ்வளவு இனிமையாக இல்லை. கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வளைகுடா நகரம் வரை சிக்கல் இல்லை. அங்கே மாறி ரொறன்ரோ விமானத்தில் ஏறியபோதுதான். விமான நிறுவனத்துக்கு மூன்று கிழமைக்கு முன்பே மின்னஞ்சல் போட்டு, பட்டியைப் பயன்படுத்தலாம் என்று பதிலும் வாங்கியிருந்தேன். பணிப்பெண்ணோ, “இதைப் போட முடியாது, கழற்றுங்கள்” என்றார். கதவு மூடும் நேரம். அந்தப் பதட்டத்தில் கழற்றியிருப்பேன். கணவர்தான், “நீர் அந்த முத்திரையை எடுத்துக் காட்டும்” என்றார். பட்டியிலேயே ஒரு முத்திரை தைத்திருக்கிறது: அமெரிக்க நிர்வாகத்தின் அனுமதி, விதி இலக்கம் 21.305, விமானத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்ற வரி. மின்னஞ்சலின் அச்சுப் பிரதியையும் நீட்டினேன். மூத்த பணியாளர் ஒருவர் வந்தார், வாசித்தார், தலையாட்டிவிட்டுப் போனார். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. வேண்டாம், பட்டி இருந்தால் போதும்.

ஆகவே அச்சுப் பிரதி அவசியம். கைபேசியில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். அந்த நேரம் பார்த்து அது சின்னவனின் கையில் கார்ட்டூனோடு இருக்கும். இன்னொன்று, இணையக் கடைகளில் இதே போல் தோற்றமளிக்கும் மலிவுப் பட்டிகள் நிறைய வருகின்றன. தையல் வடிவாக இருக்கலாம், நிறம் வடிவாக இருக்கலாம். முத்திரை இல்லாவிட்டால் அது வெறும் வார். இரவல் வாங்குகிறவர்களும் முதலில் முத்திரை இருக்கிறதா, வார் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கையில் யன்னலோரம்தான் பிள்ளைக்கு. வெளியே போகிறவர்களுக்கு வழி மறிக்கக் கூடாது என்பதால் அவசரகால வாசல் வரிசையிலும் போட முடியாது. விமான நிலைய முகப்பில் நாங்கள் ஒன்றாகக் கேட்டிருந்த இருக்கைகள் இரண்டு வரிசைகளாகச் சிதறிக் கிடந்தன. இதைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஒரு பஞ்சாபி அம்மா எழுந்து இடம் மாறித் தந்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி ரொறன்ரோ விமானத்தின் அந்தப் 14 மணி நேரம்.

முதல் தவறு எங்களுடையது. தோள் பட்டிகளை அழகாக இறுக்கிவிட்டு, இடுப்புப் பட்டியை “பிள்ளைக்கு நோகும்” என்று தளர்வாக விட்டிருந்தோம். இந்தப் பட்டியில் கால்களுக்கு நடுவே வரும் வார் கிடையாது. வாகனக் குழந்தை இருக்கைகளில் அது இருக்கும். இடுப்பு தளர்ந்தால் பிள்ளை மெல்ல மெல்லக் கீழே வழுகும். அரை மணி நேரத்தில் நெஞ்சுக் கொளுக்கி அவன் நாடியில் வந்து நின்றது. கையேடு இடுப்பைத் தாழ்வாக, இறுக்கமாகப் பூட்டச் சொல்கிறது. ஒழுங்காகப் பூட்டிய பிறகு ரொறன்ரோ வரை அவன் வழுகவில்லை. படிப்பிக்கிறவள் நான், கையேட்டைக் கடைசியாக வாசித்தவளும் நான்.

பட்டியால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது: கால். இரண்டு வயதுப் பிள்ளையின் கால் இருக்கையின் விளிம்பைத் தாண்டி நேரே முன்னிருக்கையின் முதுகுக்குத்தான் போகும். இடுப்பும் தோளும் கட்டப்பட்டிருக்கும் பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் சுதந்திரம் உதைப்பதுதானே. முன்னால் இருந்த பெரியவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தரம் பார்க்க முன் சப்பாத்தைக் கழற்றி, தடித்த காலுறை போட்டுவிட்டேன். உதை தொடர்ந்தது, ஆனால் ஓசை போய்விட்டது. பெரியவர் நித்திரையானார். சப்பாத்து இல்லாவிட்டால் பிள்ளைக்கே உதைப்பதில் பாதி ருசி போய்விடுகிறது போலும்.

இது விலங்கு அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பட்டி போடும் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் கழற்றி, பின்பக்கச் சமையலறை வரை நடத்திக் கூட்டிப் போனோம். ஆனால் நித்திரை வந்ததும் திரும்பவும் பூட்டினோம். எனக்கு இதன் உண்மையான பெறுமதி தெரிந்தது அங்கேதான். நித்திரையில் பிள்ளை பக்கவாட்டில் சரிந்து, என் மடியில் உருண்டு, கை மரத்துப்போய் நான் விழித்திருக்கும் வழக்கமான இரவு அன்று இல்லை. தோள் பட்டி அவனை நிமிர்த்தியே வைத்திருந்தது. தலைக்கு மட்டும் என் சால்வையைச் சுருட்டி வைத்தேன். நான் நாலு மணி நேரம் தூங்கினேன். பிள்ளை பிறந்த பிறகு விமானத்தில் தூங்கியது அதுதான் முதல் தடவை. இடையில் எங்கோ நன்றாகக் குலுங்கியது. கண் விழித்துப் பார்த்தால் அவன் அசையாமல் தூங்குகிறான், என் தண்ணீர்ப் போத்தல்தான் நடைபாதையில் உருண்டு போயிருந்தது.

புறப்படும் முன் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளில் பாதி மருந்து பற்றியது. “கொஞ்சம் பிரிட்டோன் பாணி கொடு, நித்திரை கொள்ளும்” என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். அது ஒவ்வாமைக்குக் கொடுக்கும் திரவ மருந்து. ஒரு சித்தி வேறொரு ஒவ்வாமை மருந்தின் போத்தலையே கொண்டுவந்து தந்தார். சுட்டியில் புரோமெத்தசின் என்றிருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சை அடக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. வைத்தியர் சொல்லாமல் தூங்க வைப்பதற்காக எந்தப் பாணியும் வேண்டாம். சில பிள்ளைகள் அதைக் குடித்தால் தூங்காமல் துள்ளத் தொடங்கும் என்பது வேறு கதை. போத்தலை நன்றி சொல்லி வாங்கி, அலுமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.

காதுவலிக்கு மருந்தே தேவைப்படவில்லை. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். நுவரெலியாவில் நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அரை மணி நேரத்துக்குள் நுவரெலியாவிலிருந்து நீர்கொழும்புக் கடற்கரைக்கு வந்துவிடுகிறோம். அந்த அரை மணி முழுவதும் பிள்ளை எதையாவது விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். சக்கரம் நிலத்தைத் தொடும்போது பால்போத்தலைத் தேடினால் பிந்திவிட்டது. பட்டியில் கட்டுண்டு இருந்தபடியே சின்னவன் குழாய்ப் போத்தலில் தண்ணீர் உறிஞ்சினான், மூத்தவள் மாரி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள். எங்கள் வரிசையில் அழுகை இல்லை. நான் கொண்டுபோன பருத்தித்துறை வடை முழுவதையும் கணவர் தனியாக முடித்துவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் அது ஏமாற்று வேலை.

யாழ்ப்பாணத்துப் பலாலியில் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்தார்கள். ஆனால் அங்கிருந்து சிறிய விமானங்கள் தமிழ்நாட்டுக்குத்தான் பறக்கின்றன. ரொறன்ரோவுக்குப் போகிறவருக்கு இன்றும் வழி ஏ9 வீதிதான்: ஆனையிறவு, கிளிநொச்சி, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய், பிறகு வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், கட்டுநாயக்க. இரவு முழுவதும் ஒரு வான் வண்டியில். முறிகண்டியில் மாமா ஒரு கை கச்சான் கடலை வாங்கிச் சின்னவனிடம் நீட்ட, நான் தட்டிப் பறித்தேன். ஓடும் வாகனத்தில் இரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் கச்சான் சிக்கினால் அடுத்த வைத்தியசாலை எங்கே என்று யோசித்துப் பாருங்கள். கச்சானைப் பறித்த அதே நான், அந்த எட்டு மணி நேரமும் பிள்ளையை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? மடியில். பின்னிருக்கைப் பட்டிகள் உறைக்குக் கீழே எங்கோ புதைந்து கிடந்தன. சாரதி நல்ல மனிதர், ஆனால் மதவாச்சிக்கு இந்தப் பக்கம் அவர் கொட்டாவி விட்டதை நான் எண்ணினேன்: ஏழு.

கெயர்ஸ் பட்டி என் கைப்பைக்குள்தான் இருந்தது. அதை வான் வண்டியில் போட முடியாது. விமான இருக்கைக்கு மட்டும் என்று முத்திரையே சொல்கிறது. அமெரிக்காவில் மடிக்குழந்தைகளுக்கும் தனி இருக்கையைக் கட்டாயமாக்காமல் விட்டதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. டிக்கெட் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் போகத் தொடங்கும், வீதியில் அதைவிடக் கூடுதலான பிள்ளைகள் இறப்பார்கள் என்பது அவர்களின் கணக்கு. அந்த வாதம் சரியா பிழையா என்று வேறு யாராவது சண்டை பிடிக்கட்டும். வானமா வீதியா என்று தெரிவு செய்யும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு வீதி முடிந்த பிறகுதான் வானமே தொடங்குகிறது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். அதே வான், அதே சாரதி. கட்டுநாயக்கவில் நள்ளிரவு தாண்டி ஏறி உட்கார்ந்ததும் சின்னவன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பட்டி போடச் சொல்கிறானாம். உறையைத் தூக்கித் தேடினேன். ஒரு பக்கம் நாக்கு கிடைத்தது, பூட்டு கிடைக்கவில்லை. சிலாபம் வரை கையை விரித்தபடியே இருந்து, அப்படியே தூங்கிவிட்டான்.

பட்டிக்கு என் மதிப்பெண்ணைக் கேட்பவர்களுக்கு: பத்துக்கு ஒன்பது, கால் உதைக்கு ஒன்று கழித்து. நீண்ட பயணம், ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் பிள்ளை, தனி இருக்கை இருந்தால் இரவல் கேட்டாவது கொண்டுபோங்கள். ஒரு மணி நேரச் சென்னைப் பயணத்துக்கும் போடலாம், ஆனால் மாட்டி முடிக்கும்போதே இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அது கோண்டாவிலில் இருக்கிறது. அடுத்த மாதம் சூரிச்சுக்குப் போகும் ஒரு குடும்பம் வாங்கிப் போனது. “இடுப்பை முதலில் இறுக்கு” என்று ஒரு துண்டில் எழுதித் துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் தாய், நாங்கள் போன வான்காரரின் இலக்கத்தையும் கேட்டாள். பின்னிருக்கையில் பட்டி வேலை செய்யும் வான் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் சொல்கிறேன் என்றேன். இதுவரை ஐந்து பேரிடம் கேட்டாயிற்று. நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாமவர் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.